வீட்டுப் பட்டறை: மேசையும் சாணையும்

கல்லூரியை விட்டு நீங்கிய நாள் முதலாக எழுதுகோல் ஒன்றையே கருவியாகக் கொண்டு சீவித்தவர் எம்முட் பலர். கணக்கேடும் வழக்கேடும் மருந்துச் சீட்டும் எழுதிய கை, உளியையும் சீவுளியையும் தொட்டறியாது. தச்சு ஒரு குலத்தாருக்கு உரியது, படித்தவனுக்கு ஆகாது என்னும் எண்ணம் அக்காலத்தில் வீட்டிலும் இருந்தது; வீதியிலும் இருந்தது. பின்லாந்து தேசத்தார் 1866ஆம் ஆண்டிலேயே கிராமப் பாடசாலைகளில் ஆண்பிள்ளைகளுக்குக் கைவேலையைக் கட்டாய பாடமாக்கினர். நாமோ அதனை ஏனைய பாடங்களிலே தோற்றவர்க்குரிய புகலிடமாக நெடுங்காலம் கருதியிருந்தோம். இப்பொழுது காற்று மாறி வீசுகின்றது. உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய நண்பர் சிலரும், பிறநாடுகளில் உழைத்து மீண்டு வந்து தாய்வீட்டைத் திருத்திக் குடியிருப்போர் சிலரும், வளவின் பின்புறத்தே ஓர் அறையை ஒதுக்கி மரவேலை செய்ய விரும்புகின்றனர். விருப்பம் நன்றே. ஆனால், அவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, "என்ன இயந்திரம் வாங்கலாம்?" என்பது.

இஃது அடியை விட்டு நுனியைப் பிடிக்கும் கேள்வியாகும். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய வட்டவாள் இயந்திரத்தின்மேல் ஓராண்டின் பின் வெங்காயம் உலர்வதை நாம் பல வீடுகளிற் கண்டிருக்கின்றோம். வாங்கியவர் சோம்பேறி என்று கொள்ளற்க. மரத்தை அசையாமற் பிடித்துக்கொள்ள அங்கே ஓர் இடமில்லை. மழுங்கிய உளியைத் தீட்ட அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆகவே, தொட்ட வேலையெல்லாம் பிசகிப் பிசகி மனம் சலித்துப் போகின்றது. வீட்டுப் பட்டறைக்கு முதலில் வேண்டியவை இரண்டே: ஆடாத மேசை ஒன்று, அலகைத் தீட்டும் கல் ஒன்று. ஏனையவை வேலை கேட்கக் கேட்க ஒவ்வொன்றாய் வந்து சேரலாம்.

மரவேலை முழுவதும் இரு செயல்களுள் அடங்கும். ஒன்று பிடித்தல், மற்றொன்று அரிதல். நம் ஊர் ஆசாரியார் நிலத்திலே அமர்ந்து வேலை செய்வதைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். அவருக்கு மேசை இல்லை. ஆனால் அவருடைய குதிகாலும் பெருவிரலும் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் உறுதி, எந்த இரும்புப் பிடிக்கும் குறைந்ததன்று. வலக்கை உளியைத் தள்ள, இடக்கை வழிகாட்ட, கால் தாங்க, உடல் முழுவதுமே பட்டறையாகி விடுகின்றது. இளமை தொட்டுப் பழகினால் அன்றி இது கைகூடாது. நாற்காலியிலே நாற்பதாண்டு இருந்த முழங்காலை மடக்கி ஆசாரியார் போல் அமரப் புகுவார்க்கு, மரத்திலும் பார்க்க வைத்தியரிடமே அதிக அலுவல் உண்டாகும். எனவே, காலின் தொழிலை மேசையிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

பிரான்சு தேசத்திலே, தாமே தச்சராயிருந்து நூலும் எழுதிய அந்திரே யாக்கோப் ரூபோ என்பவர் 1769ஆம் ஆண்டு முதலாக வெளியிட்ட பெருநூலில் தச்சுமேசை ஒன்றின் படத்தைத் தந்துள்ளார். தடித்த ஒரே பலகை, அதனுள் ஊடுருவிப் பொருந்திய நான்கு கால்கள், கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். வேறொன்றும் இல்லை எனலாம். இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் அம்மேசையினும் மேலானது ஒன்று தோன்றிற்றிலது என்பதே எமது கருத்து. வீட்டளவுக்கு ஆறடி நீளமும் ஏறத்தாழ 22 அங்குல அகலமும் போதும். தடிப்பு மூன்று அங்குலம் இருத்தல் நன்று. தேக்கினால் அமைத்தால் இவ்வளவினதான மேற்பலகை மாத்திரம் 50 கிலோ நிறை நிற்கும். இந்த நிறையே மேசையின் குணம். சீவுளியைத் தள்ளும்போது மேசையும் கூடவே நடந்தால், தள்ளுபவனுடைய வலுவிற் பாதி வீணாகும்.

மூன்றங்குலத் தடிப்பில் ஒரே பலகை கிடைப்பது இக்காலத்தில் அரிது. அதனை எண்ணிக் கலங்க வேண்டுவதில்லை. பழைய வீடுகள் இடிபடும் இடங்களிலே வேம்பினதும் முதிரையினதும் நிலைகளும் தீராந்திகளும் கிடைக்கின்றன. அவற்றை நேராக்கி, மூன்று நான்கினை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். ஐம்பதாண்டு காய்ந்த மரமாதலின் அது இனி அதிகம் கோணாது. ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய மரத்தில் ஆணி மறைந்திருக்கும். வடபகுதியில், 2009இல் முடிந்த போரினூடே நின்ற மரங்களிலோ ஆணியினும் கொடியதான குண்டுச் சிதறல்கள் பட்டைக்குள் மூடுண்டு கிடத்தல் கூடும். நூலிற் கட்டிய காந்தம் ஒன்றை மரத்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்ல நகர்த்தினால், மேலோட்டமாய் உள்ள இரும்பு தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆழத்தில் உள்ளது காட்டாது. ஆதலால் புதிதாய்த் தறித்த பெருமரத்தை அரிவிக்கும்போது அரிவாலைக்காரரிடம் மரம் நின்ற இடத்தைச் சொல்லிவிடுவது அவருடைய வாளுக்கும் ஆளுக்கும் நல்லது.

மேசையின் உயரம் பற்றிப் பலவாறு கூறுவர். நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை நிலத்துக்கு இணையாக மடக்கினால், உள்ளங்கை நிற்கும் மட்டமே சீவுளி வேலைக்கு ஏற்ற மட்டம். ஐந்தரை அடி உயரமுள்ளவர்க்கு அது 31 அல்லது 32 அங்குலம் அளவில் வரும். இதனிலும் உயர்ந்தால் தோள் நோகும், தாழ்ந்தால் இடுப்பு நோகும். சாப்பாட்டு மேசை ஒன்றை இப்பணிக்கு மாற்றிக்கொள்ள முயல்வோர் உளர். அது உயரத்தாற் குறைந்தது; நிறையாலும் குறைந்தது; வீட்டுக்காரியின் பொறுமையும் குறையும்.

மேசையிலே மரத்தைப் பிடிக்க விலையுயர்ந்த இரும்பு வைஸ் தொடக்கத்தில் வேண்டியதில்லை. மேசையின் இடப்பக்க ஓரத்தே ஒரு சதுரத் துளையிட்டு, அதனூடே மேலும் கீழும் நகரத்தக்க ஒரு கட்டையை இறுக்கமாகச் செருகிவிட்டால், பலகையின் முனை அதிலே முட்டி நிற்கும். அதனை நோக்கிச் சீவிக்கொண்டு போகலாம். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்க. மேசைப் பலகையில் வேறு சில வட்டத் துளைகள் இட்டு, கழுத்து வளைந்த இரும்புப் பிடி ஒன்றைச் செருகித் தலையில் ஓர் அடி அடித்தால், அது கோணி இறுகி மரத்தை அமுக்கிக்கொள்ளும். பின்புறத்தில் ஓர் அடி அடித்தால் விட்டுவிடும். முக்கால் அங்குல இரும்புக் கம்பியில் ஊர்க் கொல்லர் இதனை ஒரு பொழுதில் வளைத்துத் தருவார். துளை கம்பியிலும் சற்றே பெரிதாயிருத்தல் வேண்டும். சரியளவாயிருந்தால் பிடி கோணாது, கோணாவிடின் பிடியாது. ஆப்பும் கட்டையும் கொண்டு இன்னும் எத்தனையோ உபாயங்கள் உண்டு. வைஸ் பின்னர் வாங்கலாம்.

இனி, இடம். பத்தடிக்கு எட்டடி போதும். மேசையைச் சுவரோடு சேர்த்து, நீண்ட மரத்தைச் சீவும்போது முனை வாசலூடே வெளியே நீளத்தக்கதாக அமைத்துக்கொண்டால், சிற்றறையும் பேரறையாகும். பின்விறாந்தையை மறைத்துக்கொள்வதும் உண்டு; மழைச்சாரல் வராவிடின் அதுவும் நன்றே. சீமெந்து நிலத்திற் கூர்முனைப்பட விழுந்த உளி அன்றே ஊனமாகும். ஆகவே, மேசையடியில் பழைய பலகையோ தும்புப் பாயோ விரித்திடுக. மரத்தைச் சுவரிற் சாத்தாமல், நிலத்தினின்றும் ஓரடி உயர்ந்த தாங்கிகளிலே கிடத்துக. கறையான் நிலத்தினின்றும் மண்குழாய் கட்டியே ஏறும்; இடைவெளி இருந்தால் அக்குழாய் கண்ணுக்குத் தெரியும்.

ஒளியைப் பற்றி மேனாட்டு நூல்கள், யன்னல் வடக்கு நோக்கியிருத்தல் வேண்டும், அங்கே வெயில் நேரே விழாது என்று கூறும். அந்நூல்கள் ஐரோப்பாவிலே எழுதப்பட்டவை. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையினுங் குறைந்த தூரத்தில் உள்ளது. ஏப்பிரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரையில் நண்பகற் சூரியன் எமக்கு வடக்கேதான் நிற்கின்றது. அந்நாட்களில் வடக்கு யன்னலூடே வெயில் நுழைவதைத் தடுக்க இரண்டடித் தாழ்வாரமாவது வேண்டும். வேலைக்கு வேண்டியது மென்மையான பக்கவொளி. தலைக்கு மேலே தொங்கும் விளக்கு ஒன்றினால் நம்முடைய நிழல் நாம் இழுக்கும் கோட்டின்மீதே விழும். மேசையின் இரு முனைகளிலும் இரண்டு விளக்குகள் இருப்பின் அவ்விடர் இல்லை.

தீட்டுதலுக்கு வருவோம். இக்கட்டுரையில் இதற்கே நாம் அதிக இடங் கொடுக்கின்றோம். காரணம், கடைக்காரர் எவரும் இதனைச் சொல்லிக் கொடுப்பதில்லை. புதிதாக வாங்கிய உளி கூரியது அன்று. அது கூராக்கப்படுவதற்கு ஆயத்தமானது, அவ்வளவே. கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் விளிம்பு. ஒரு தளம் உளியின் முதுகு, மற்றையது சரிந்த முகம். முகத்தை எத்துணைதான் தீட்டினும் முதுகு சமதளமாயிராவிடின் விளிம்பு உண்டாகாது. ஆதலின் முதல் நாளன்று, தடித்த கண்ணாடித் துண்டின்மேல் மணற்கடதாசியை விரித்து, உளியின் முதுகில் நுனியோரத்து ஓரங்குலம் கண்ணாடி போல் மினுங்கும் வரையும் தேய்த்தல் வேண்டும். ஒரு மணித்தியாலம் ஆகலாம். ஒவ்வோர் உளிக்கும் ஒரு தடவையே இது.

அதன் பின் முகம். சாதாரணமாக முகத்தின் சரிவு 25 பாகையில் அமைந்திருக்கும். நுனியில் மாத்திரம் 30 பாகையில் சிறியதொரு சரிவைத் தீட்டினால், முகம் முழுவதையும் தேய்க்கும் உழைப்பு மிஞ்சும். பாலை, முதிரை போன்ற வன்மரங்களிலே கொட்டாப்புளியால் அறைந்து துளையிடும் உளிக்கு 35 பாகை வரை போகலாம். இல்லாவிடின் விளிம்பு பொடிந்துவிடும். பருங்கல் ஒன்று, நுண்கல் ஒன்று ஆக இரண்டு கற்கள் போதியவை. தீட்டும்போது விளிம்பின் மறுபக்கத்தே மெல்லிய பிசிர் ஒன்று எழும். விரலை முதுகின் வழியே விளிம்புக்கு வெளியே இழுத்தால் அது தட்டுப்படும். பிசிர் எழுமுன் கல்லை மாற்றுதல் கூடாது. எழுந்த பின் அக்கல்லில் மேலும் தேய்த்தல் வீண். நுண்கல்லில் முகத்தையும் முதுகையும் மாறி மாறி மெல்லத் தேய்த்துப் பிசிரை நீக்கி, ஈற்றில் தோல்வாரில் நாலைந்து முறை பின்னோக்கி இழுத்தால் வேலை முடிந்தது. பழகிய கைக்கு மூன்று நிமிடம்.

கூரைச் சோதிக்க முழங்கை மயிரை மழித்துப் பார்ப்பர். அதனினும் நல்ல சோதனை, மெதுவான மரத்துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது நாரின் குறுக்குமுகத்தை, உளியாற் செதுக்கிப் பார்ப்பது. மினுங்கினால் கூர் உண்டு. தூள் பறந்து வெண்மை தோன்றினால் கல்லிடம் திரும்புக. கல்லும் தேய்ந்து நடுவே பள்ளமாகும். அதனையும் அதே கண்ணாடியில் மணற்கடதாசியிட்டுத் தேய்த்து மட்டமாக்குதல் வேண்டும். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைத்து விரைவாகத் தீட்டலாம் என்பாரும் உளர். சக்கரத்திலே உராயும் காபன் உருக்கு வைக்கோல் நிறங் கொண்டு, பின் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் மெதுமையடைந்துவிட்டது; எத்தனை முறை தீட்டினும் அங்கே கூர் நில்லாது, அப்பகுதியைத் தேய்த்தே கழித்தல் வேண்டும். சக்கரத்தைப் பயன்படுத்துவோர் அருகிலே தண்ணீர் வைத்து, விரல் சூட்டை உணருந்தோறும் தோய்த்தெடுக்க.

கூரில்லாக் கருவி ஆபத்தில்லாதது என்று எண்ணுவது பெரும் பிழை. மழுங்கிய உளியை மரத்தினுள் செலுத்த இருமடங்கு வலு வேண்டும். அவ்வலு திடீரென்று வழுகும்போது உளி போய்ச் சேருமிடம் மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கை. உளியின் வழியில் எந்தக் கையையும் வைக்கலாகாது. மேசை பிடிக்கட்டும், கைகள் இரண்டும் உளியின் பின்னால் இருக்கட்டும்.

கருவிகளை இனி எண்ணுவோம், எண்ணிக்கை நீளாது. கால், அரை, ஒரு அங்குல அகலத்தில் மூன்று உளிகள். பதினான்கு அங்குல நீளமுள்ள இரும்புச் சீவுளி ஒன்று. அமெரிக்கராகிய லெனாட் பெயிலி 1860களில் வகுத்த முறையிலே அலகைத் திருகி ஏற்றி இறக்கும் அமைப்புடைய இதனை ஐந்தாம் இலக்கச் சீவுளி என்பர். ஒரே சீவுளிதான் வாங்கக் கூடுமாயின் இதனையே வாங்குக. மூலைமட்டம் ஒன்று, வாங்குமுன் கடையிலேயே நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடிட்டு, மறுபுறம் திருப்பி வைத்து மீண்டும் கோடிட்டால் இரண்டும் ஒன்றாக வேண்டும். விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கட்டை ஒன்று, கூரிய சிறுகத்தி ஒன்று, கொட்டாப்புளி, சுத்தியல், துறப்பணம், இடுக்கிகள் நான்கு. பென்சிற் கோட்டிற்குத் தடிப்பு உண்டு; கத்திக் கோட்டிற்குத் தடிப்பில்லை. பொருத்துகள் இறுகுவதும் தளர்வதும் இதிலேதான்.

வாள்களைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். நாரின் வழியே அரியும் வாளின் பற்கள் சிறிய உளிகள் போன்றவை. நாரின் குறுக்கே அரியும் வாளின் பற்களோ சிறிய கத்திகள் போன்றவை. ஒன்றின் வேலையை மற்றதிடம் ஏவினால் அரிபடும். ஆனால் நேரமும் மூச்சும் இரட்டிப்பாகும். இவ்விரண்டோடு பொருத்து வேலைக்கு, முதுகிலே தகடு பொருத்திய சிறுவாள் ஒன்று வேண்டும். இக்காலக் கடைகளில் உள்ள வாள்களிற் பலவற்றின் பல்நுனி நீலங்கறுத்த நிறமாயிருக்கும். வெப்பமூட்டி வன்மையாக்கிய பற்கள் அவை. நீண்ட நாள் கூர் நிற்கும். மழுங்கினால் அரம் அவற்றிற் கடியாது, எறிய வேண்டியதுதான். அத்தகைய வாள் ஒன்று கையில் இருப்பது தவறன்று; ஆனால் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க விரும்பும் வாளின் பற்கள் அராவத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். தந்தையார் காலத்துப் பழைய வாள் துருப்பிடித்துக் கிடப்பின் அதனை எறிந்துவிடற்க. தகடு நேராயிருந்தால் அதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயுள் உண்டு.

கடற்காற்றின் உப்பு நம் குடாநாட்டில் எங்கும் உண்டு. இரும்புக்கு அது பகை. வேலை முடிந்ததும் வியர்வை பட்ட இடத்தைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவிவைத்தால் போதும்.

மரத்தைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியது, அது வெட்டிய பின்னும் அசைந்துகொண்டே இருக்கும் என்பதாகும். காற்றிலுள்ள ஈரலிப்பு ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளத்தில் இது புலப்படாது. அகலத்தில் மாத்திரம் நிகழும். அதுவும் ஆண்டு வளையங்களின் வழியே ஏற்படும் அசைவு, வளையங்களுக்குக் குறுக்கே ஏற்படுவதினும் ஏறத்தாழ இருமடங்கு. அசைவு குறைந்த மரமெனப் புகழ்பெற்ற தேக்கிலும், பச்சை நிலையினின்று முற்றாக உலரும்போது சுருக்கம் ஒரு திசையில் நூற்றுக்கு 2.5, மறுதிசையில் 5.8. பன்னிரண்டு அங்குல அகலமுள்ள தேக்கம் பலகையின் ஈரம் நூற்றுக்கு நான்கு கூறு மாறினால் அகலம் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் மாறக் கூடும். சோளகக் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களிலே அழகாகப் பொருந்திய லாச்சி, வாடை தொடங்கி ஐப்பசி கார்த்திகை மழை பொழிகையில் இழுபடாமல் இறுகிக் கிடப்பது இதனாலேயே. செய்தவனை வைய வேண்டாம். செய்த மாதத்தை அவன் எண்ணியிருக்க வேண்டும். கோடையிற் செய்யும் லாச்சிக்குச் சற்று இடைவெளி விடுக. மாரியிற் செய்வதற்கு இறுக்கமாக விடலாம். மேசைப் பலகையைச் சட்டத்தோடு ஆணியடித்தும் பசையிட்டும் சிறைப்படுத்தினால் அது ஒருநாள் வெடிக்கும். அசைய இடம் விட்டுத் திருகாணியால் இருத்துவதே முறை.

புதிதாய் அரிந்த பலகையை உலர்த்த, ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது மேனாட்டார் வாய்ப்பாடு. நம் வெயிலில் அதனினும் விரைவாய் உலரும். அவ்விரைவே விரிசலுக்கும் காரணமாகும். பலகையின் இரு முனைகளுக்கும் மையெண்ணெய் பூசி, இடையிடையே மெல்லிய கட்டைகள் வைத்து, நிழலில் அடுக்குக. பலாவும் வேம்பும் தொடக்கத்திற்கு ஏற்ற மரங்கள். வேம்பின் நாரோட்டம் முறுகியிருக்கும். சீவுளி ஒரு திசையிற் பிய்த்தால் மறுதிசையிற் சீவுக. மகோகனி கிடைக்குமாயின் கைக்கு இனியது. முதிரையையும் பாலையையும் இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைத்தல் அறிவுடைமை. தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டிய மரங்கள் பல உள என்பதையும் நினைவில் வைக்க.

பனையை எங்கே வைப்பது? தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் பிரித்தார். அவ்வழக்கின்படி பனை புல்லாகும். இக்காலத் தாவரவியலாரும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே வகுக்கின்றனர். தச்சு செய்வோர்க்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நில்லாது, கையிலே தெரியும். வேம்பையோ தேக்கையோ எடுத்தால் வெளியே உள்ள வெளிறு மெதுவாயும் உள்ளே உள்ள வைரம் உறுதியாயும் இருக்கும். பனையிலோ வெளிப்புறம் இரும்பு, நடுவெல்லாம் சோற்றி. கருநார்கள் அலகை விரைவில் மழுக்கும். சிலாம்பு விரலில் ஏறினால் எளிதில் வெளிவராது. ஆயினும் முற்றிய பனையின் புறவைரம் மேசைக்கால்களுக்கும் தாங்கிகளுக்கும் நிகரற்றது. இழைத்து மெழுகிட்டால் அதன் கருங்கோடுகளின் அழகையும் கண்டு மகிழலாம்.

இயந்திரங்களை நாம் வெறுப்பவரல்லோம். துளையிடும் மின்கருவி ஒன்று எவர்க்கும் உதவும். பலகைகளை ஒரே தடிப்பாக்கும் அலுப்பான வேலைக்கு இயந்திரம் வரம். ஆனால், 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளிலும் கதவும் கட்டிலும் சவப்பெட்டியும் செய்யப்பட்டே வந்தன. பெரும்பாலும் கைக்கருவியாலேயே செய்யப்பட்டன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் கருவிகளைப் பற்றி ஒன்று சொல்லுவோம். இங்கே மின்னழுத்தம் 230 வோல்ற்று, 50 சுற்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்பவை 120 வோல்ற்று, 60 சுற்றுக்கு அமைந்தவை. அவற்றை நேரே சுவரிற் செருகினால் ஒரு நொடியிற் புகைந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி வைத்தாலும் சிலவகை மோட்டார்கள் ஆறில் ஐந்து வேகத்தில் ஓடி, வழமையிலும் கூடச் சூடேறும். இங்கிலாந்து, ஐரோப்பா, அவுத்திரேலியா முதலிய இடங்களிலே கடையில் வீட்டுப் பாவனைக்கு விற்பவை பெரும்பாலும் இங்கே பொருந்தும். செருகியை மாத்திரம் மாற்ற வேண்டியிருக்கும். பட்டறைக்குத் தனி மின்னிணைப்பும், 30 மில்லியம்பியரில் விழும் டிறிப் சுவிச்சும் இன்றி எந்த இயந்திரத்தையும் தொடற்க.

வட்டவாள் மேசையில் விரல் இழந்தோரை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். வாளின் பின்னே அரிந்த பிளவு மூடாமல் நிற்கும் தகட்டைக் கழற்றி எறிவதும், சிறு துண்டைக் கையாலேயே தள்ளுவதும் அதற்குப் பெருங் காரணங்கள். தள்ளுவதற்கு ஒரு கோலை வைத்துக்கொள்க. சாரமும் சால்வையும் சுழலும் இயந்திரத்தின் அருகே ஆகா. கையுறையும் ஆகாது, அது கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

மரத்தூளை எவரும் ஆபத்தென்று எண்ணுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 1995இல் மரத்தூளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் வரிசையில் வைத்தது. முதிரைத் தூள் சிலருடைய தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும்; கருங்காலித் தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். சீவுளி சுருளையே தரும், தூளைத் தராது. மணற்கடதாசி இயந்திரமோ கண்ணுக்குத் தெரியாத நுண்தூளை அறை முழுவதும் பரப்பும். நெருங்கப் பொருந்தும் முகமூடி அணிந்து, முற்றத்திலே, காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று தேய்ப்பதே நன்று. ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கி மூலையில் எறியும் வழக்கமும் உண்டு. அவ்வெண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். கசங்கிய துணியில் அவ்வெப்பம் அடங்கித் தானே தீப்பற்றும். அத்துணியை விரித்து வேலியிற் காயவிடுக, அல்லது நீரில் அமிழ்த்துக.

பசையைப் பற்றி ஒருவரி. பழைய வச்சிரம் சூட்டாலும் ஈரத்தாலும் இளகுவதால், கழற்றித் திருத்த வேண்டிய கதிரைக்கு அதுவே நல்லது. வெள்ளைப் பசை ஏனையவற்றிற்குப் போதும். மழை படும் பொருளுக்கு நீர்தாங்கும் பசை தேடுக.

முதல் வேலையாக அலுமாரி செய்யப் புகுதல் வேண்டா. மேசையில் வைத்து மரத்தை அரியும்போது முட்டுக் கொடுக்கும் சிறுபலகை ஒன்றைச் செய்க. இரண்டாவதாக ஒரு கருவிப் பெட்டி. மூன்றாவதாகக் கழுந்தும் துளையும் கொண்ட சிறு வாங்கு ஒன்று. கழுந்தைத் துளைக்குச் சற்றுப் பெரிதாகவே அரிந்து, பின் உளியால் இழை இழையாகக் குறைத்துப் பொருத்துதல் வேண்டும். கையால் அழுத்த நுழைந்து, கொட்டாப்புளியின் மெல்லிய தட்டில் அடிவரை இறங்குவதே சரியான இறுக்கம். மச்சு வீடு கட்டுவோர் இவ்வாங்கைப் பார்த்து நகைக்கலாம். அதன்மேல் ஏறி நின்று மின்குமிழ் மாற்றும்போது நகையார்.

இவற்றுள் வாளுக்குப் பல் அராவுவதையும், பற்களை ஒன்றுவிட்டொன்று இருபுறமும் சாய்ப்பதையும் எழுத்தினால் விளக்குதல் அரிது. அராவத் தெரிந்த ஆசாரியார்மார் ஊருக்கு ஒருவர் இருவரே இப்பொழுது எஞ்சியுள்ளனர். பலர் எழுபதைக் கடந்தவர். அவர்களுட் பலருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். அவர் வீட்டுக்கு வாளையும் முக்கோண அரத்தையும் எடுத்துக்கொண்டு போய், ஒரு நாள் தமக்குக் கற்பிக்குமாறு கேட்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார். முழுநாட் கூலியைப் பேசிக்கொண்டே உட்காருக. வாளை அவர் அராவி முடிக்க விடாமல், பாதியை அவரும் மீதியை நீரும் அராவுக. பின்னர் இரு பாதிகளாலும் ஒரே மரத்தை அரிந்து பார்க்க.